ப்ளஸ் டூ முடிந்து கல்லூரி திறப்பதற்குள் உயர்கணிதம்: நீங்களே கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ளஸ் டூ முடித்த வருடம் ஒரு கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். கணக்கில் நூற்றுக்கு 97. எதிரே இருந்த பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: “எல்லை என்றால் என்ன?”

நான் தயங்கவே இல்லை. “1, 1/2, 1/3, 1/4 என்று போனால் 0-ஐ நெருங்கிக்கொண்டே போகும் சார். அதனால் 0 அதன் எல்லை.”

“மைனஸ் 1-ஐயும்தானே நெருங்கிக்கொண்டே போகிறது? ஒவ்வொரு அடிக்கும் தூரம் குறைகிறதே. அது ஏன் எல்லை இல்லை?”

பதில் வரவில்லை. அந்தக் கோடை முழுக்கத் தலையணை கனத்தில் ஒரு கால்குலஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு 300 பக்கம் ‘முடித்திருந்தேன்’. இரட்டைத் தொகையீடு போடத் தெரியும். எல்லை என்றால் என்னவென்று தெரியாது.

அதற்கப்புறம் சொந்தக்காரப் பிள்ளைகள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று பலர் “லீவில் என்ன படிக்கட்டும்?” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் திரண்டதுதான் கீழே இருப்பது. பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதில் சேரப்போகிறவர்களுக்கும் பொருந்தும்.

எது மாறப்போகிறது

பள்ளிக் கணக்கு ‘காண்க’, ‘தீர்க்க’ என்று முடியும். பல்கலைக்கழகக் கணிதம் ‘நிரூபிக்க’ என்று முடியும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். ப்ளஸ் டூ பாடத்துக்கு அடுத்த பாடம் என்ன என்று தேடிப் போனால் என்னைப் போல 300 பக்கம் ஓடலாம். ஓடிய இடத்தில் புதிய சூத்திரங்கள் கிடைக்கும், புதிய கண் கிடைக்காது. இந்த லீவில் கற்க வேண்டியது மூன்றே வேலைகள்: ஒரு வரையறையை வார்த்தை வார்த்தையாகப் படிப்பது, ஒரு நிரூபணத்தைத் தானே எழுதுவது, எழுதியது சரியா என்று தானே கண்டுபிடிப்பது. பாடம் எதுவானாலும் சரி.

மார்ச்சில் தேர்வு முடிந்து ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கல்லூரி திறந்தால், பதினான்கு வாரம் கையில் இருக்கிறது. கவுன்சலிங், சான்றிதழ், கல்யாண வீடு என்று இரண்டு வாரம் போய்விடும். மீதி பன்னிரண்டில் நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். மே மாத வெயிலில் மதியம் எதுவும் ஏறாது, காலை ஐந்தரை மணிக்கு உட்காருங்கள். இலங்கையில் உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அவகாசம் பெரும்பாலும் இதைவிட அதிகம். அவர்கள் இதையே நிதானமாகச் செய்யலாம்.

படி 1: பள்ளிப் புத்தகத்தைத் திரும்பக் கேள்வி கேளுங்கள் (2 வாரம்)

புதுப் புத்தகம் வாங்காதீர்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களையே எடுங்கள். கணங்கள், சார்புகள், கணிதத் தொகுத்தறிதல், எல்லையும் தொடர்ச்சியும், ரோலின் தேற்றம், கடைசி அத்தியாயத்தில் தர்க்கமும் ஈருறுப்புச் செயலிகளும் எல்லாம் அதில் இருக்கின்றன. மார்க் குறைவு என்று பலர் தள்ளிவிட்டுப் போகும் அந்தக் கடைசி அத்தியாயம்தான் கல்லூரியின் வாசற்படி.

பயிற்சிக் கணக்குகளை மறுபடி போட வேண்டாம். ஒவ்வொரு சூத்திரத்திடமும் ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேளுங்கள். ஓர் உதாரணம். ஒரு கோணத்தின் சைன் மதிப்பை அந்தக் கோணத்தால் வகுத்து, கோணத்தை 0-க்குக் கொண்டுபோனால் எல்லை 1. ஏன் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர், “லோபிதால் விதிப்படி மேலேயும் கீழேயும் வகையிட்டால் கோசைன் 0, அதாவது 1” என்பார்கள். சரி, சைனின் வகைக்கெழு கோசைன் என்பது எங்கிருந்து வந்தது? அதை வருவிக்கும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் இதே எல்லைதான் பயன்படுகிறது. மாமியார் வீட்டுக்கு வழி கேட்டால், “எங்கள் பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு” என்று மாமியாரே சொன்ன கதை. வட்டமும் முக்கோணமும் வரைந்து பரப்பளவுகளை ஒப்பிட்டுத்தான் அந்த எல்லையை முதலில் பெற வேண்டும். கோணத்தை டிகிரியில் எடுத்தால் எல்லை 1 ஆக இருக்காது என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

இப்படிச் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து நிற்கும் வாதங்கள் நான்கைந்தைப் பிடித்தாலே இந்தப் படி முடிந்த மாதிரி. கூடவே சமனிலிகளிலும் மட்டு மதிப்பிலும் கையை நன்றாகப் பழக்கிக்கொள்ளுங்கள். பின்னால் பாதி நிரூபணம் அதில்தான் ஓடும்.

படி 2: நிரூபணம் எழுதக் கற்பது (4 வாரம்)

இதுதான் முழு லீவின் உயிர். மற்ற படிகளைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

முதலில், ‘நிறைய முறை சரியாக வந்தது’ என்பது நிரூபணம் ஆகாது என்று உங்களுக்கே உறைக்க வேண்டும். ஓர் எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் கூட்டி, அப்புறம் 41-ஐக் கூட்டுங்கள். 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2 போட்டால் 47. எல்லாம் பகா எண்கள். 39 வரைக்கும் போய்ப் பாருங்கள், ஒன்று தவறாமல் பகா எண்ணே வரும். 40 போட்டால் 1681. அது 41-இன் வர்க்கம். ஆய்லர் கண்ட இந்தக் கோவை, நாற்பது முறை உண்மை சொல்லிவிட்டு நாற்பத்தோராம் முறை காலை வாரும்.

அடுத்து, ‘ஒவ்வொரு’, ‘ஏதோ ஒரு’ என்ற இரண்டு சொற்களின் வரிசை. “ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு.” “ஒரு சாவி உண்டு, அது ஒவ்வொரு பூட்டையும் திறக்கும்.” முதலாவது எல்லார் வீட்டு நிலை. இரண்டாவது இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். கல்லூரியில் தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி என்று இரண்டு வரையறைகள் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இந்தப் பூட்டு சாவி வித்தியாசம்தான். மறுப்பு வாக்கியமும் எழுதிப் பழகுங்கள். “ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு” என்பதற்கு மறுப்பு “எந்தப் பூட்டுக்கும் சாவி இல்லை” என்பது அல்ல. “ஒரு பூட்டு இருக்கிறது, எந்தச் சாவியும் அதைத் திறக்காது” என்பதுதான்.

இப்போது ஒரு முழு நிரூபணம். √2 விகிதமுறா எண் என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே காதில் விழுந்திருக்கும். அது பின்ன எண் என்றே வைத்துக்கொள்வோம்: √2 = அ/ஆ, பொதுக் காரணி ஏதுமில்லாதபடி சுருக்கியாயிற்று. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் அ² = 2ஆ². எனவே அ² இரட்டை எண். ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றையாகத்தான் வரும் என்பதால் அ-வும் இரட்டை எண். அ = 2இ என்க. அப்போது 4இ² = 2ஆ², அதாவது ஆ² = 2இ². அதே காரணத்தால் ஆ-வும் இரட்டை. இரண்டையும் 2 வகுக்கிறது; சுருக்கியாயிற்று என்று சொன்னோமே, முரண்பாடு.

தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு √3-க்கு எழுதுங்கள். அப்புறம் இதே நிரூபணத்தை √4-க்கு எழுதிப் பாருங்கள். √4 = 2, விகிதமுறா எண்ணே இல்லை. அப்படியானால் நிரூபணம் எங்கேயோ உடைய வேண்டும். எந்த வரியில்? “அ²-ஐ 4 வகுத்தால் அ-வையும் 4 வகுக்கும்” என்ற வரியில். 2-இன் வர்க்கத்தை 4 வகுக்கிறது, 2-ஐ வகுக்கவில்லையே! உண்மையான ஒரு நிரூபணத்தைப் பொய்யான கூற்றுக்குப் போட்டுப் பார்த்து எங்கே கிழிகிறது என்று தேடுவது, எனக்குத் தெரிந்து தனியாகப் படிப்பவருக்கு இருக்கும் ஆகச் சிறந்த பயிற்சி. பாதிப் பேர் √3-இலேயே “இதே மாதிரி” என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். 3-ஆல் வகுபடாத எண்ணின் வர்க்கமும் 3-ஆல் வகுபடாது என்பதை அங்கே தனியாகக் காட்ட வேண்டும். மீதி 1 வருவது, மீதி 2 வருவது என்று இரண்டு நிலைகள்.

இந்தப் படிக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்கிறேன்: ரிச்சர்ட் ஹாம்மக் எழுதிய ‘புக் ஆஃப் ப்ரூஃப்’. ஆசிரியரே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். ஆங்கிலம் எளிமை, பயிற்சிகள் ஏராளம். முதல் பத்து அத்தியாயம் போதும். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வுப் பழைய வினாத்தாள்களும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். அந்தத் தேர்வு எழுதாதவர்களும் விரிவாக விடையெழுதும் பகுதியை எடுத்து வாரம் ஒரு கணக்கு போடலாம். ஒரு கணக்கு மூன்று நாள் இழுத்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு நோட்டு

பாடம் புரிந்தும் மொழியில் மாட்டிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதுங்கள்: சார்பு – ஃபங்ஷன், கணம் – செட், குலம் – குரூப், களம் – ஃபீல்டு, அணி – மேட்ரிக்ஸ். (இலங்கைப் புத்தகங்களில் அணிக்குத் தாயம் என்று பெயர்.) இவை பத்து நாளில் பழகிவிடும். உண்மையில் தடுக்குவது சின்னச் சொற்கள். ‘லெட்’ என்று ஆரம்பித்தால் ‘என்க’. ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ என்றால் இரண்டு திசையிலும் நிரூபிக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு திசையை மட்டும் எழுதிவிட்டுப் பாதி மார்க்கை இழப்பவர்கள் அநேகம். ‘வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி’ என்றால் ‘இதை மட்டும் பார்த்தால் போதும், மற்றதும் இதே மாதிரிதான்’ என்பது; உண்மையிலேயே இதே மாதிரிதானா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்படுங்கள். யோசிப்பது தமிழில் நடக்கட்டும், எழுதுவது மெல்ல மெல்ல மாறட்டும். அவசரம் இல்லை.

படி 3: ஒரே ஒரு பாடம் (6 வாரம்)

இங்கே ஆசை கெடுக்கும். டோபாலஜி, எண் கோட்பாடு, குவாண்டம் என்று யூடியூப் இழுக்கும். ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிரூபணத்தோடு படிப்பது) அல்லது லீனியர் அல்ஜிப்ரா (அணிகளும் வெக்டர்களும்), இரண்டில் ஒன்று மட்டும் எடுங்கள். கணிதமே படிக்கப்போகிறவர்களுக்கு முதலாவது. கம்ப்யூட்டர், இயற்பியல், பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டாவது.

அனாலிசிஸ் எடுத்தால் தொடர்முறைகளின் எல்லையிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பேராசிரியரின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. அதை ஓர் ஆட்டமாக நினையுங்கள். எதிராளி ஒரு தூரம் சொல்வார், எவ்வளவு சிறியதானாலும் 0-ஐவிடப் பெரியது. நீங்கள் ஓர் இடம் சொல்ல வேண்டும்; அந்த இடத்துக்கு அப்புறம் வரும் உறுப்புகள் எல்லாமே எல்லையிலிருந்து அந்தத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 1, 1/2, 1/3 தொடர்முறைக்கு 0 எல்லை என்று நீங்கள் சொல்ல, எதிராளி 1/1000 என்கிறார். நீங்கள் ‘ஆயிரமாவது உறுப்பு’ என்கிறீர்கள். அதற்கப்புறம் எல்லாம் 1/1000-க்குள்தான். பத்து லட்சத்தில் ஒன்று என்றாலும் அதேபோலச் சொல்லிவிடலாம். இப்போது மைனஸ் 1 எல்லை என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி 1/2 என்றதும் ஆட்டம் முடிந்தது, ஏனென்றால் எந்த உறுப்பும் மைனஸ் 1-இலிருந்து 1-ஐவிடக் குறைந்த தூரத்தில் இல்லவே இல்லை. ‘நெருங்கிக்கொண்டே போவது’ வேறு, ‘எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்குவது’ வேறு. எப்சிலான் என்று புத்தகங்கள் மிரட்டுவது எதிராளி சொல்லும் அந்தத் தூரத்தைத்தான்.

அடுத்து மெய்யெண்களின் முழுமை. இங்கே இரண்டு வாரம் தங்கலாம். வர்க்கம் 2-ஐவிடக் குறைவாக உள்ள விகிதமுறு எண்களை எல்லாம் சேர்த்து வையுங்கள். 1.5 அவற்றுக்கு ‘மேல் எல்லை’, அதாவது அவற்றில் எதுவும் 1.5-ஐத் தாண்டாது. 1.42-உம் மேல் எல்லை, 1.415-உம்தான். இன்னும் சிறியதாக ஒன்று எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். விகிதமுறு எண்களுக்குள் ஆகச் சிறிய மேல் எல்லை என்று ஒன்று கிடையாது. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. மெய்யெண் கோட்டில் அந்த ஓட்டைகள் இல்லை என்பதுதான் முழுமை. பள்ளியில் “வரைபடம் கீழிருந்து மேலே போகிறது, எனவே நடுவில் அச்சை வெட்டும்” என்று படம் போட்டு நம்பினோமே, அந்த நம்பிக்கை முழுக்க இதன்மேல் நிற்கிறது. விகிதமுறு எண்கள் மட்டுமே உள்ள உலகத்தில் வர்க்கம் கழித்தல் 2 என்ற சார்பு, குறையிலிருந்து மிகைக்கு 0-ஐத் தொடாமலே தாவிவிடும். இந்த இடத்தில் எனக்கு இப்போதும் லேசாகப் புல்லரிக்கும்.

போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் (ஒரு வரம்புக்குள்ளேயே இருக்கும் தொடர்முறையிலிருந்து எல்லை உள்ள ஒரு தொடர்முறையைப் பொறுக்கி எடுக்கலாம் என்பது) வரை வந்தாலே ஆறு வாரம் ஆகிவிடும். அதற்குமேல் வராவிட்டால் ஒன்றும் குறைவில்லை.

லீனியர் அல்ஜிப்ரா எடுத்தால், அணி என்பது எண்களின் பெட்டி என்ற நினைப்பை முதல் நாளே விடுங்கள். அது தளத்தை நகர்த்தும் ஒரு செயல். (1,0) எங்கே போகிறது என்பது முதல் நிரல், (0,1) எங்கே போகிறது என்பது இரண்டாம் நிரல். இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பிவிட்டு, அப்புறம் கிடை அச்சில் பிரதிபலியுங்கள்: (1,0) முதலில் (0,1) ஆகி, பிறகு (0,-1) ஆகும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் பிரதிபலித்தால் (1,0) அசையாது, திருப்பினால் (0,1). அணிப் பெருக்கலில் வரிசை ஏன் முக்கியம் என்பதை எந்த விதியும் மனப்பாடம் செய்யாமல் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். எம்ஐடியின் கில்பர்ட் ஸ்ட்ராங் வகுப்புகள் இலவசக் காணொளிகளாக உள்ளன, கணக்குப் போடப் பழகலாம். நிரூபணப் பக்கத்துக்கு ஷெல்டன் ஆக்ஸ்லர் எழுதிய ‘லீனியர் அல்ஜிப்ரா டன் ரைட்’ புத்தகத்தின் நான்காம் பதிப்பு இணையத்தில் இலவசம். காணொளி பார்ப்பதற்கு ஒரு எச்சரிக்கை: ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் எழுத வேண்டும். சைக்கிள் ஓட்டுபவரை வேடிக்கை பார்த்து யாரும் சைக்கிள் பழகியதில்லை.

ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது

முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாவல் படிக்கிற வேகத்தை மறந்துவிடுங்கள். வரையறை வந்தால் நின்று, அதற்குப் பொருந்தும் மூன்று உதாரணமும், மயிரிழையில் பொருந்தாமல் போகும் இரண்டு உதாரணமும் நீங்களே எழுதுங்கள். தேற்றம் வந்தால் நிரூபணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இருபது நிமிடம் முயலுங்கள். முடியாவிட்டால் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மறையுங்கள். தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். மூடிய இடைவெளி என்பதைத் திறந்த இடைவெளி ஆக்கினால்? பெரும்பாலான நிபந்தனைகளுக்குப் பின்னால் ஓர் எதிருதாரணம் ஒளிந்திருக்கும்.

ராமானுஜன் பேச்சு எப்படியும் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் பதினாறு வயதில் அவர் கைக்கு வந்தது கார் என்பவர் தொகுத்த, சுமார் 5000 முடிவுகள் கொண்ட ஒரு தொகுப்பு. அதில் நிரூபணம் என்று பெரிதாக ஏதும் கிடையாது. அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். காகிதம் விலை அதிகம். அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடிப் பின்னால் வந்தவர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். நமக்குக் காகிதம் மலிவு. தப்பான முயற்சிகளைக் கிழித்துப் போடாமல், தேதி போட்டு வையுங்கள்.

படி 4: திருத்த ஆளில்லாதபோது

தனியாகப் படிப்பதில் பெரிய சிக்கல் இதுதான். தப்பான நிரூபணமும் எழுதியவர் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். நான்கு வழிகள் எனக்குப் பலித்தன. எழுதியதை இரண்டு நாள் கழித்து, எதிரி எழுதியது என்று நினைத்துப் படிப்பது முதலாவது. ‘தெளிவாக’, ‘எளிதில் காணலாம்’ என்று நான் எழுதிய இடங்களைச் சிவப்பில் வட்டமிடுவது இரண்டாவது. ஓட்டை பத்துக்கு ஏழு முறை அங்கேதான் இருக்கும். மூன்றாவது, தங்கைக்குச் சொல்லிக் காட்டுவது. அவளுக்குக் கணக்கு பிடிக்காது. “அது எப்படிச் சொல்றே?” என்ற ஒரே கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள். அது போதும்.

நான்காவது, பக்கத்துக் கல்லூரியில் ஒரு கணித ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது. கூச்சம் வேண்டாம். “சார், சந்தேகம்” என்று வெறுங்கையோடு போகாமல், நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், “இதில் எந்த வரி தப்பு?” என்று கேளுங்கள். லீவு நாளில் அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால் முகம் சுளிக்கிறவர்கள் குறைவு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் கேட்கலாம், ஆனால் அவை தப்பான நிரூபணத்தையும் அதே கம்பீரத்தோடு சொல்லும். விடையைக் கேட்காதீர்கள், உங்கள் நிரூபணத்தைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், சொன்ன குறை உண்மையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரம்

புத்தகம், கைபேசி எதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் ஒதுக்கி இந்த ஐந்தையும் எழுதிப் பாருங்கள். ‘ஒரு தொடர்முறை 0-ஐ எல்லையாகக் கொண்டிருக்கவில்லை’ என்பதை அந்த ஆட்டத்தின் மொழியில் எழுதுக. √3 விகிதமுறா எண் என்று நிரூபித்து, அதே வாதம் √4-க்கு உடையும் வரியைக் காட்டுக. எந்த இரண்டு மெய்யெண்களுக்கு நடுவிலும் ஒரு விகிதமுறு எண் உண்டு என நிரூபிக்க. ஒரு வரம்புக்குள்ளேயே இருந்தும் எல்லை இல்லாத தொடர்முறை ஒன்று தருக. பூச்சிய அணி அல்லாத இரண்டு அணிகளைப் பெருக்கிப் பூச்சிய அணி வரவைத்து, அது ஏன் சாத்தியம் என்று படம் வரைந்து விளக்குக.

மூன்று வந்தாலே நீங்கள் தயார். மூன்றாவது கேள்விதான் பலருக்கும் உதைக்கும். எந்தச் சின்னத் தூரம் கொடுத்தாலும் அதைவிடச் சிறிய 1/2, 1/3 வகைப் பின்னம் ஒன்று கிடைக்கும் என்று அந்த ஆட்டத்தில் சர்வ சாதாரணமாகச் சொன்னேனே, அதற்கே ஒரு நிரூபணம் வேண்டும், அது முழுமையிலிருந்து வருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.